கொலோன் பேராலயம்: ஒரே வரைபடம், பல கற்கள்

ஜெர்மனியின் கொலோன் நகரப் பேராலயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே "கட்டி முடிக்க 632 ஆண்டுகள்" என்று போட்டுவிடுவார்கள். 1248-ல் அடிக்கல், 1880-ல் கடைசிக் கல். கழித்துப் பார்த்தால் கணக்கு சரிதான். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு போய் நின்றால் கட்டடம் புரியாது. 1248 முதல் 1560 வரை 312 ஆண்டுகள் வேலை விட்டுவிட்டு நடந்தது. அதன் பிறகு 282 ஆண்டுகள் கட்டுமானம் என்று சொல்லும்படி எதுவுமே நடக்கவில்லை. 1842-ல் மறுபடி தொடங்கி, வெறும் 38 ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்ட கோவிலை எழுப்பி முடித்துவிட்டார்கள்.

ஆக, அங்கே ஒட்டி நிற்பவை இரண்டு கட்டடங்கள். ஒன்று, படகில் கல் வந்த காலத்தில் கட்டியது. இன்னொன்று, ரயிலும் இரும்பும் வந்த காலத்தில் கட்டியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதற்குக் காரணம் ஒரு தோல் வரைபடம். அவை வேறுவேறு விதமாகக் கெட்டுப்போவதற்குக் காரணம் கல். வரைபடத்தை 19-ஆம் நூற்றாண்டுக்காரர்கள் அப்படியே பின்பற்றினார்கள். கல்லில் அவர்களால் அது முடியவில்லை. இன்றுவரை சாரம் இறங்காமல் இருப்பது அதனால்தான்.

மூன்று ராசாக்களும் ஒரு தீ விபத்தும்

இவ்வளவு பெரிய கோவில் எதற்கு என்று முதலில் பார்த்துவிடலாம். 1164 ஜூலை 23 அன்று கொலோன் பேராயர் ரைனால்ட் ஃபோன் டாசல் மிலான் நகரிலிருந்து திருப்பண்டங்களோடு ஊர் திரும்பினார். நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து பெத்லகேமுக்கு வந்த மூன்று ராசாக்களுடைய எலும்புகள் என்று நம்பப்பட்டவை அவை. மிலானைப் பணியவைத்த பேரரசர் ஃபிரெடரிக் பார்பரோசா, தன் வலக்கையாக இருந்த ரைனால்டுக்குக் கொடுத்த பரிசு. அன்றிலிருந்து கொலோன் ஐரோப்பாவின் பெரிய யாத்திரைத் தலங்களில் ஒன்றாகிவிட்டது. ஆஃகனில் முடிசூடிக்கொண்ட ஜெர்மானிய அரசர்கள் கொலோனுக்கு வந்து ராசாக்களை வணங்கிப் போனார்கள். நகரத்தின் சின்னத்தில் இன்றும் மூன்று மகுடங்கள் இருக்கின்றன.

அந்த எலும்புகளுக்காகச் செய்த பேழை, வெர்டன் ஊர் நிக்கோலஸ் என்ற பொற்கொல்லரும் அவர் வழி வந்த பட்டறைக்காரர்களும் 1190-ஐ ஒட்டித் தொடங்கி 1225 வாக்கில் முடித்தது. நீளம் 220 செ.மீ., உயரம் 153 செ.மீ., அகலம் 110 செ.மீ. கீழே இரண்டு பெட்டி, அவற்றின் மேல் மூன்றாவது. மொத்தத்தில் ஒரு சின்னக் கோவிலின் வடிவம். உள்ளே ஓக் மரம், மேலே முலாம் பூசிய வெள்ளியும் செம்பும், முன்பக்கம் மட்டும் பொன். பொன் கொடுத்தவர் ஜெர்மானிய அரசர் நான்காம் ஒட்டோ. குழந்தை இயேசுவை நோக்கி வரும் மூன்று ராசாக்களுக்குப் பின்னால், மகுடம் இல்லாமல், அவர் தன்னையும் நிறுத்திக்கொண்டார். நன்கொடையாளர் பெயரை டியூப்லைட்டில் எழுதும் பழக்கத்தை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜனவரி 6, ராசாக்கள் திருநாளன்று, பேழையின் முன்பக்கப் பலகை ஒன்றைக் கழற்றுவார்கள். உள்ளே கம்பிக்குப் பின்னால் மகுடம் வைத்த மூன்று மண்டை ஓடுகள் தெரியும்.

இந்தப் பேழை இருந்த பழைய பேராலயம் 870-ல் அர்ச்சிக்கப்பட்டது. கூட்டத்துக்கு அது போதவில்லை. பிரான்சில் கோதிக் என்ற புதிய பாணியில் எழும்பிக்கொண்டிருந்த கோவில்களுக்கு முன்னால் அது பழசாகவும் தெரிந்தது. 1248 ஏப்ரலில் அதன் கிழக்குப் பகுதியை மட்டும் இடித்துவிட்டு அங்கே புதிதாகத் தொடங்குவது, மேற்குப் பகுதியில் திருப்பலி தொடர்ந்து நடப்பது என்று திட்டம். அக்காலத்தில் கல் சுவரை இடிக்கும் முறை எளிது. சுவரின் அடியைக் குடைவார்கள். குடைந்த இடத்தில் மர முட்டுக் கொடுப்பார்கள். பிறகு முட்டுக்குத் தீ வைப்பார்கள். மரம் எரிந்ததும் சுவர் தானாக உட்காரும். இந்தத் தடவை தீ கட்டுக்கு அடங்கவில்லை. கோவில் முழுவதும் எரிந்துவிட்டது. மேற்குப் பகுதியை அவசரத்துக்குச் சரிசெய்து வழிபாட்டை நடத்தினார்கள். ஆகஸ்ட் 15, மாதா திருநாளன்று பேராயர் கோன்ராட் ஃபோன் ஹோஹ்ஷ்டாடன் புதிய கோவிலுக்கு அடிக்கல் வைத்தார்.

எலும்புக்கூடு நிற்கும் விதம்

முதல் தலைமைக் கொத்தனார் கெர்ஹார்ட். அவருக்கு முன்மாதிரி பிரான்சின் அமியென் பேராலயம். அங்கே உள் உயரம் 42 மீட்டரைச் சற்றுத் தாண்டும், கொலோனில் 43.35 மீட்டர். உயரம் பெரிய வித்தியாசமில்லை. கொலோனின் தனித்தன்மை ஒடுக்கம்: நடுக்கூடத்தின் உயரம் அதன் அகலத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் அதிகம். உள்ளே நுழைந்ததும் கழுத்து தானாக நிமிர்வதற்கு இந்த விகிதமே காரணம்.

43 மீட்டர் உயரத்தில் கல்லாலான வளைவுக் கூரை உட்கார்ந்தால் அது நேராகக் கீழே மட்டும் அழுத்தாது, பக்கவாட்டிலும் தள்ளும். பழைய முறையில் அந்தத் தள்ளலைத் தாங்கச் சுவரைக் கனமாக்குவார்கள், ஜன்னல் சிறுத்துவிடும். கோதிக் கொத்தனார்கள் வேறு வழி பிடித்தார்கள். கூரையின் பாரத்தைக் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் கல் விலாக்களில் திரட்டி, சில புள்ளிகளில் மட்டும் இறக்கினார்கள். அந்தப் புள்ளிகளில் வெளியிலிருந்து சாய்வான அரை வளைவுகளை முட்டாகக் கொடுத்தார்கள். பக்கக் கூடங்களின் கூரைக்கு மேலே ஆகாயத்தில் தாவிப் போகும் அந்த வளைவுகள், தள்ளலை வெளி முட்டுத் தூண்களுக்குக் கடத்துகின்றன. அந்தத் தூண்களின் தலையில் ஊசியாக நிற்கும் கல் சிகரங்கள் அலங்காரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவற்றுக்கு வேலை உண்டு: தங்கள் எடையால் தூணைக் கீழ்நோக்கி அழுத்தி, பக்கத் தள்ளலில் தூண் சாயாமல் பார்த்துக்கொள்வது. சுவருக்கு இனி பாரம் இல்லை என்றானதும் அந்த இடம் முழுவதும் கண்ணாடியானது. கொலோனில் பெரிய ஜன்னல்களுக்குக் கீழே ஓடும் நடைவழியின் பின்சுவரைக்கூட விட்டுவைக்காமல் கண்ணாடியாக்கியிருக்கிறார்கள்.

இந்த விளையாட்டுக்கு எல்லை உண்டு. பிரான்சின் பொவே ஊரில் 48 மீட்டர் வரை ஏற்றினார்கள். 1284-ல் அங்கே கூரை சரிந்தது. கொலோனில் அந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை.

பீடக்கூடத்தை, அதாவது பீடம் இருக்கும் கிழக்குப் பகுதியை, வெளியே சுற்றி வந்து தெற்கு முட்டு வளைவுகளையும் வடக்கு முட்டு வளைவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். செய்யும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். வடக்கில் இருப்பவை கிட்டத்தட்ட மொட்டை. தெற்கில் இருப்பவற்றில் செதுக்காத இடமே இல்லை. நகரத்தைப் பார்த்து நிற்பது தெற்குப் பக்கம்.

பீடத்தைச் சுற்றியுள்ள ஏழு சிற்றாலயங்கள் 1265 வாக்கில் முடிந்தன. நடுச் சிற்றாலயத்தில் உள்ள விவிலிய ஜன்னல், சுமார் 1260-ஐச் சேர்ந்தது, கோவிலின் மிகப் பழைய வண்ணக் கண்ணாடி. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓக் மரத்தில் குருக்களுக்கான 104 இருக்கைகள் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்று திருத்தந்தைக்கும் ஒன்று பேரரசருக்கும் என்று ஒதுக்கப்பட்டவை. 1322 செப்டம்பர் 27 அன்று பீடக்கூடம் அர்ச்சிக்கப்பட்டது. மேற்குப் பக்கம் திறந்து கிடக்க முடியாதே? அங்கே ஒரு தற்காலிகச் சுவரை எழுப்பி அடைத்தார்கள். அந்தத் தற்காலிகச் சுவர் 1863 வரை நின்றது.

வேலை ஏன் நின்றது

பணம் தீர்ந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் கோவிலைக் கட்டியவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1288-ல் வொரிங்கன் போரில் பேராயர் தோற்றார். கொலோன் குடிமக்கள் எதிரணியில் நின்று போரிட்டார்கள். அதற்குப் பிறகு பேராயர்கள் ஊருக்கு வெளியே, பான் நகரிலும் ப்ரூல் ஊரிலும் வசிக்க வேண்டியதாயிற்று. தன் ஆசனம் இருக்கும் ஊரில் பேராயருக்கே அதிகாரம் இல்லை. கட்டுமானச் செலவு பேராலயக் குருக்கள் மன்றத்தின் தலையில் விழுந்தது. அவர்களுக்கு வருமானம் யாத்திரிகர் காணிக்கை, பாவமன்னிப்புப் பலன் தேடிக் கொடுக்கும் தானம் முதலியவை. 16-ஆம் நூற்றாண்டில் லூத்தரின் சீர்திருத்த இயக்கம் பரவியபோது அந்த ஊற்றும் வறண்டது. 1560-ல் மன்றம் இனி பணம் இல்லை என்று முடிவெடுத்தது.

அப்போது நின்றவை இவ்வளவுதான்: முழுமையான பீடக்கூடம்; அதற்கு மேற்கே, பக்கக் கூடங்களின் உயரத்தோடு நிறுத்தித் தற்காலிகக் கூரை போட்ட நடுப்பகுதி; சுமார் 57 மீட்டர் வரை ஏறிய தெற்குக் கோபுரம். கோபுர உச்சியில் மரத்தாலான ஒரு பாரந்தூக்கி. உள்ளே பெரிய சக்கரம். ஆட்கள் அதற்குள் நடக்க நடக்கக் கயிறு சுற்றிக் கல் மேலே வரும். வேலை நின்றபோது யாரும் அதை இறக்கவில்லை. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் கொலோன் நகரத்தின் அடையாளமே அந்தப் பாரந்தூக்கிதான்; பழைய ஓவியங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 1868-ல்தான் அது இறங்கியது.

1794-ல் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஊருக்குள் வந்தது. பேராலயம் வைக்கோல் கிடங்காகவும் போர்க்கைதிகளை அடைக்கும் இடமாகவும் ஆனது. படை வருமுன் கோவிலின் ஆவணங்களை வெளியூர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் குழப்பத்தில் காணாமல் போனவற்றில் ஒன்றுதான் முகப்பின் வரைபடம்.

தோலில் வரைந்த முகப்பு

1280-ஐ ஒட்டி, கெர்ஹார்டுக்குப் பின் வந்த தலைமைக் கொத்தனார் அர்னால்டின் காலத்தில் வரையப்பட்டது அது. ஆய்வாளர்கள் அதை 'எஃப் வரைபடம்' என்கிறார்கள். பல தோல்களை ஒட்டி, 4 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில், மேற்கு முகப்பையும் இரண்டு கோபுரங்களையும் மையால் வரைந்திருக்கிறார்கள். எந்தத் தளத்தில் எத்தனை ஜன்னல், எந்த இடத்தில் சதுரக் கோபுரம் எண்கோணமாக மாறுகிறது, உச்சியில் ஓட்டை ஓட்டையாகச் செதுக்கிய கல் கூம்பு எப்படிக் குவிகிறது என்பதெல்லாம் அதில் உண்டு.

1814-ல் அதன் ஒரு பாதி டார்ம்ஷ்டாட் நகரில் ஒரு விடுதியின் பரணில் கிடைத்தது. அங்கே அவரைக்கொட்டை காயவைக்க அதைப் பயன்படுத்தினார்கள் என்று சொல்வார்கள். அது என்னவென்று அடையாளம் கண்டவர் கட்டடக் கலைஞர் கியோர்க் மோலர். மறுபாதியை 1816-ல் பாரிசில் கண்டெடுத்தவர் சுல்பிட்ஸ் புவாஸ்ரே. கொலோன் கோவிலை முடித்தே ஆக வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் பேசியவர். இரண்டு பாதியும் பொருந்தின. இப்போது அந்த வரைபடம் கோவிலுக்குள்ளேயே, யோவான் சிற்றாலயத்தில், வெளிச்சம் படாதபடி திரைக்குப் பின்னால் தொங்குகிறது. அடிக்கல் வைத்த கோன்ராடின் கல்லறையும் அதே சிற்றாலயத்தில்தான்.

இந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பை, வரைபடம் கிடைக்காத பகுதியைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். சிலுவையின் இரண்டு கைகளாக நிற்கும் குறுக்குக் கூடங்களின் முகப்புகளுக்கு இடைக்கால வரைபடம் எதுவும் இல்லை. அந்தத் தெற்கு, வடக்கு முகப்புகள் 19-ஆம் நூற்றாண்டுத் தலைமைக் கட்டடக் கலைஞர் எர்ன்ஸ்ட் ஃபிரெடரிக் ஸ்விர்னர் தாமே வடிவமைத்தவை. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாம் அளவு பிசகாமல், இடமும் வலமும் கச்சிதமாக, பள்ளிக்கூட நோட்டில் வரைந்தது போல இருக்கும். மேற்கு முகப்பைக் கட்டியவர்களும் அதே பட்டறைக்காரர்கள்தான். ஆனால் அங்கே வரைந்த கை 13-ஆம் நூற்றாண்டினுடையது.

1842 செப்டம்பர் 4 அன்று, அப்போது கொலோனை ஆண்ட பிரஷ்ய நாட்டின் அரசர் நான்காம் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் மறுபடி அடிக்கல் வைத்தார். அவர் புரட்டஸ்தாந்துக்காரர். கத்தோலிக்கப் பேராலயத்துக்கு அவர் கல் வைத்தது பக்தியால் மட்டும் அல்ல. நெப்போலியனை விரட்டிய பிறகு, சிதறிக் கிடந்த ஜெர்மன் நாடுகளுக்கு ஒரு பொதுச் சின்னம் தேவைப்பட்டது. முடிவடையாத இந்தக் கோவில் அதற்கு வாகாக அமைந்தது. அதே ஆண்டு தொடங்கிய மையப் பேராலயக் கட்டுமானச் சங்கம் மக்களிடம் பணம் திரட்டியது. அரசு ஆண்டுக்கு 50,000 தாலர் (அக்கால நாணயம்) கொடுத்தது. கோபுரங்களின் கட்டத்தில் அதுவும் போதாமல், 1860-களில் லாட்டரி நடத்தினார்கள். அந்த லாட்டரி இல்லாமல் கோபுரம் இவ்வளவு சீக்கிரம் எழும்பியிருக்காது.

1880 அக்டோபர் 15 அன்று பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் முன்னிலையில் நிறைவு விழா. பேராயர் பவுல் மெல்கர்ஸ் விழாவில் இல்லை. பிஸ்மார்க் அரசுக்கும் திருச்சபைக்கும் நடந்த மோதலில் அவர் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார். ஊர்க் கத்தோலிக்கர்களில் பலர் விழாவை ஒதுங்கி நின்று பார்த்தார்கள். கோபுரங்கள் 157 மீட்டர். வடக்குக் கோபுரம் தெற்கைவிட 7 செ.மீ. உயரம். 1884-ல் வாஷிங்டன் நினைவுத்தூண் எழும்பும்வரை உலகின் மிக உயரமான கட்டடம் இதுதான்.

இரும்புக் கூரை

ஸ்விர்னரின் முடிவுகளில் முக்கியமானது வெளியே தெரியாத ஒன்று. கல் வளைவுக் கூரைக்கு மேலே, மழையைத் தடுக்க இன்னொரு கூரை வேண்டும். பழைய பேராலயங்களில் அது மரக்காடு. நூற்றுக்கணக்கான மரங்களை அறுத்துச் செய்த சட்டம். ஸ்விர்னர் மரத்தைத் தொடவில்லை. இரும்பில் சட்டங்கள் செய்து, மேலே ஈயத் தகடு போர்த்தினார். குறுக்குக் கூடமும் நடுக்கூடமும் சந்திக்கும் இடத்தில் 109 மீட்டர் உயரத்துக்கு எழும் சிறு கோபுரமும் இரும்புதான். கோதிக் கோவிலுக்கு இரும்பா என்று தூய்மைவாதிகள் முகம் சுளிக்கலாம். ஆனால் இரண்டாம் உலகப் போரில் கோவிலைக் காப்பாற்றியவற்றில் இந்தக் கூரைக்குப் பெரிய பங்கு உண்டு.

14 பெரிய குண்டுகள் கோவிலைத் தாக்கின; தீக்குண்டுகள் ஏராளம். கூரைக்குள் எரிவதற்கு மரம் இல்லாததால் தீ பற்றிப் பரவவில்லை. இதே போரில், 1942-ல், மரக் கூரை கொண்ட லூபெக் நகர மாதா கோவில் எரிந்து மணிகள் தரையில் விழுந்தன. உடைந்த மணிகள் இன்றும் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. 2019-ல் பாரிஸ் நோத்ர தாம் எரிந்தபோது எரிந்ததும் அதே மாதிரியான மரக்காடுதான். வெடிப்பின் அழுத்தமும் கொலோனில் சுவரைச் சாய்க்கவில்லை. கண்ணாடி போய்விட்ட ஜன்னல்கள் வழியாகவும் முட்டு வளைவுகளின் இடைவெளி வழியாகவும் காற்று கடந்துபோனது. மோதுவதற்கு அகலமான சுவரே இல்லை.

மிக ஆபத்தான அடி 1943 நவம்பரில் வடக்குக் கோபுரத்தின் மூலைத் தூணில் விழுந்தது. சுமார் 10 மீட்டர் உயரத்துக்குக் கல் பெயர்ந்துபோனது. கோபுரமே சாயக்கூடும் என்ற நிலையில் ஆயிரக்கணக்கான செங்கற்களை வைத்து அந்தப் பள்ளத்தை அவசரமாக அடைத்தார்கள். ஊர்க்காரர்கள் அதைப் பல் ஓட்டையை அடைப்பதற்கான சொல்லால் அழைத்தார்கள். போர் முடிந்து அறுபது ஆண்டுகள் வரை அந்தச் செங்கல் திட்டு வெளியே தெரிந்தது. 2005-ல்தான் அதன்மேல் கல் முகம் கட்டி முடிந்தது. அதை அப்படியே விட்டிருக்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கல் எப்படிக் கெடுகிறது

இடைக்காலப் பகுதியின் கல், கொலோனுக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் ரைன் கரையில் உள்ள டிராகன்ஃபெல்ஸ் குன்றில் வெட்டிய டிராக்கைட். எரிமலைப் பாறை. குன்று ஆற்றின் மேல்பக்கம் இருப்பதால், படகில் ஏற்றினால் நீரோட்டமே கல்லைக் கொண்டுவந்து சேர்க்கும். சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கட்டம் கட்டமாகச் சில சென்டிமீட்டர் நீளப் படிகங்கள் பதிந்திருப்பதுதான் இதன் அடையாளம். அதன் பலவீனமும் அதுவேதான்: படிகத்துக்கும் சுற்றியுள்ள கல்லுக்கும் இடையே காலப்போக்கில் இடைவெளி விழும், படிகம் உதிரும், அந்தக் குழியில் நீர் தங்கும்.

1842-ல் மறுபடி தொடங்கியவர்களுக்கு இந்தக் கல் கிடைக்கவில்லை. குன்றின் மேலுள்ள பாழடைந்த கோட்டையும் சேர்ந்து சரிந்துவிடும் என்று, 1836-ல் பிரஷ்ய அரசு குன்றை வாங்கி வெட்டுவதை நிறுத்தியிருந்தது. எனவே தெற்கு ஜெர்மனியின் ஷ்லைட்டோர்ஃப் மணற்கல்லைக் கொண்டுவந்து நடுக்கூடத்தையும் குறுக்குக் கூடங்களையும் கட்டினார்கள். செதுக்க எளிது, நிறமும் ஒத்துப்போனது. ஆனால் மணல் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது அதில் சுண்ணாம்புச் சத்து. கோவிலை ஒட்டி 1859-ல் ரயில் நிலையம் வந்தது. நிலக்கரிப் புகையும் வந்தது. புகையில் உள்ள கந்தகம் மழையோடு சேர்ந்து அமிலமாகி, சுண்ணாம்பைத் தின்று ஜிப்சமாக மாற்றும். ஜிப்சத்துக்கு இடம் அதிகம் வேண்டும். மேல் தோல் உப்பும், வெடிக்கும், ஏடு ஏடாக உதிரும். மழை படாத மறைவில் ஜிப்சம் புகைக்கரியோடு சேர்ந்து கறுத்த பொருக்காக உறையும். நூறு ஆண்டுக்குள் ஷ்லைட்டோர்ஃப் கல்லில் செதுக்கிய முகங்கள் முகமற்றுப் போயின. 600 ஆண்டுப் பழைய டிராக்கைட் பக்கத்தில் இதைவிட நன்றாக நின்றது.

கோபுரங்களைக் கட்ட வட ஜெர்மனியின் ஓபர்ன்கிர்ஹென் ஊர் மணற்கல்லைப் பயன்படுத்தினார்கள். இதில் துகள்களை ஒட்டவைப்பது சிலிக்கா. அமிலம் ஒன்றும் செய்யாது. 150 ஆண்டு ஆகியும் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. ஆனால் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு கறுக்கும். பேராலயம் கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கல். கழுவிவிடலாமே என்று கேட்காத சுற்றுலாப் பயணி இல்லை. கழுவினால் அழுக்கோடு கல்லின் மேற்பரப்பும் போகும். துளைகள் திறந்து அடுத்த அழுக்கு இன்னும் வேகமாக ஏறும். அதனால் நன்றாக இருக்கும் கல்லை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

1950-களில் தொடங்கி, சிதைந்த முட்டு வளைவுகளை லோண்டோர்ஃப் ஊரின் எரிமலைக் கல்லில் புதிதாகச் செய்தார்கள். உறுதியான கல்தான்; ஆனால் அந்தச் சுரங்கம் தீர்ந்துபோனது. இப்போது பல வேலைகளுக்குச் செக் நாட்டின் போஷானோவ் மணற்கல் வருகிறது. வேறு வேறு கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதிலும் ஆபத்து உண்டு. சுண்ணாம்புள்ள கல்லில் உண்டான உப்பு மழைநீரில் கரைந்து பக்கத்துக் கல்லின் துளைக்குள் இறங்கி, அங்கே போய்ப் படிகமாகும். தப்பு செய்யாத கல் உடையும். அதனால் புதுக் கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைவிட, துளையின் அளவு, நீரை உறிஞ்சும் வேகம், வெயிலில் விரியும் அளவு ஆகியவை பழைய கல்லுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இரும்பும் ஒரு தொல்லை. கூரையைக் காத்த அதே இரும்புதான், ஆனால் இங்கே வேறு வேலையில். 19-ஆம் நூற்றாண்டில் சிகரங்களையும் சுரூபங்களையும் இரும்பு ஆணிகளால் பிணைத்து, ஆணியைச் சுற்றி ஈயம் ஊற்றினார்கள். ஈயம் முழுவதும் மூடாத இடத்தில் நீர் புகுந்தால் இரும்பு துருப்பிடித்துப் பருக்கும். உள்ளிருந்தே கல்லைப் பிளக்கும். வெளியே மயிரிழை விரிசல் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். இன்று பேராலயப் பட்டறைக்காரர்கள் செய்வது: பழுதான துண்டை அளந்து வார்ப்பு எடுப்பது, சிதைந்துவிட்டிருந்தால் பழைய புகைப்படம், பழைய வார்ப்பு, பக்கத்தில் எஞ்சியிருக்கும் துண்டு இவற்றை வைத்து வடிவத்தை மீட்பது, உளியால் செதுக்குவது, துருப்பிடிக்காத எஃகு ஆணியில் நிறுத்தி மறுபடி ஈயம் ஊற்றி இறுக்குவது. ஈயம் ஏன் இன்னும் என்றால், அது மெத்தென்று விட்டுக்கொடுக்கும், சிமெண்ட் கொடுக்காது. கண்ணாடி வேலைக்காரர், தச்சர், கொல்லர் எல்லாம் சேர்த்துச் சுமார் நூறு பேர் அங்கே வேலை செய்கிறார்கள். செலவில் பாதிக்கு மேல் இன்றும் 1842-ல் தொடங்கிய அதே சங்கம் தருகிறது.

மணியும் ஜன்னலும்

தெற்குக் கோபுரத்தில் தொங்கும் பேதுரு மணி 1923-ல் அபோல்டா ஊரில் வார்த்தது. எடை 24 டன், விட்டம் 322 செ.மீ. அதற்கு முன் அங்கே இருந்தது 1870-71 போரில் பிடித்த பிரெஞ்சுப் பீரங்கிகளை உருக்கிச் செய்த 27 டன் மணி. அது ஒழுங்காக அடித்ததே இல்லை. 1918-ல் அதையும் போருக்காக உருக்கிவிட்டார்கள். பேதுரு மணியின் 800 கிலோ நாக்கு 2011 ஜனவரி 6 அன்று, ராசாக்கள் திருநாளுக்கு மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே முறிந்து விழுந்தது. யாருக்கும் காயமில்லை. புதிய நாக்கை 600 கிலோவுக்குக் குறைத்துச் செய்தார்கள். கனமான நாக்கு சத்தத்தைக் கூட்டுவதைவிட மணிக்குச் சேதத்தைத்தான் கூட்டும்.

தெற்குக் குறுக்குக் கூட ஜன்னலைப் போர் அழித்தது. 2007-ல் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் அங்கே 9.6 செ.மீ. சதுரக் கண்ணாடிகள் 11,263-ஐ 72 நிறங்களில் வைத்தார். நிறங்கள் கோவிலின் பழைய ஜன்னல்களில் உள்ளவை. எந்த நிறம் எங்கே என்பதைக் கணினி தற்செயலாகத் தேர்ந்தது. சில பகுதிகள் மற்றவற்றின் பிரதிபிம்பம். புனிதர் எவரும் இல்லை. அப்போதைய கொலோன் பேராயர் கர்தினால் யோவாகிம் மைஸ்னர் அதை ஏற்கவில்லை. மசூதிக்கு வேண்டுமானால் பொருந்தும் என்றார். நண்பகலில் எதிர்த் தூண்களில் விழும் வண்ணத்தைப் பார்த்தால் கர்தினாலோடு உடன்படுவது கஷ்டம்.

நேரில் போகிறவர்களுக்கு: தெற்குக் கோபுரத்தில் ஏற 533 படிகள், லிப்ட் கிடையாது, வழியில் மணியைப் பார்க்கலாம். மேலே போகும் முன் முகப்புக்கு எதிரே தரையில் நிற்கும் கோபுரக் கலசத்தின் நகலைப் பாருங்கள். கீழிருந்து விரல் நுனியளவு தெரியும் அந்தக் கல் பூ 9.5 மீட்டர் உயரம், 4.6 மீட்டர் அகலம். கல்லை அடையாளம் காண வேண்டுமானால் பீடக்கூடத்தின் வெளிச்சுவரில் தொடங்குங்கள்: வெள்ளைப் படிகங்கள் தெரிந்தால் அது டிராகன்ஃபெல்ஸ். அங்கிருந்து மேற்கே நடந்துகொண்டே வந்தால் படிகங்கள் மறைந்து மணற்கல்லும், வெளிர் சாம்பலில் ஒட்டுப்போட்ட புதுக் கற்களும் வரும். முகப்புக்குத் திரும்பியதும் தெற்குக் கோபுரத்தின் கீழ்ப்பாதியில் டிராக்கைட் மறுபடி தலைகாட்டும். அது எந்த உயரத்தில் நிற்கிறதோ, பாரந்தூக்கி நின்றதும் அங்கேதான்.